ஆமா மட்டும் சொன்னவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் பேச்சுப் பயிற்சியாளர் என்று சொன்னால், மேடையில் பேசக் கற்றுக்கொடுப்பவள் என்று நினைத்துக்கொண்டார்கள். கட்சிக்காரர் ஒருவர் நிஜமாகவே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, தேர்தலுக்குள் தயார் பண்ணிவிட வேண்டும் என்றார். நான் வெளிமாநிலத்தில் படித்துப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். செங்கம் சாலையில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். திக்குவாய்ப் பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த மாட்டுத் தரகர். சந்தையில் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று விலையைப் படிய வைக்கிறவர். ஐம்பது தாண்டியவர், முறுக்கு மீசை. பக்கவாதத்தில் வலது கையும் காலும் வலுவிழந்து, பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: ‘ஆமா’. சாப்பிட்டீங்களா என்றால் ஆமா. இன்னும் சாப்பிடலையா என்றாலும் ஆமா. வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது ஜன்னலைக் காட்டி, “மழை பெய்யுதுங்களா?” என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் “ஆமா” என்றார்.

அவர் வீடு மலை சுற்றும் பாதையிலேயே இருந்தது. காற்றாட வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வாயைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே கும்பிட நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒரு பௌர்ணமியன்று, மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவர் காலடியில் வாழைப்பழத்தை வைத்து, “என் பையனுக்கு வேலை கிடைக்குமா சாமி?” என்று கேட்டிருக்கிறாள். இவர் “ஆமா” என்றாராம். அந்த அம்மாள் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடிப்பதற்குள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். “அப்பாவுக்குப் புத்தி பூட்ச்சுங்க. வூட்ல நிக்கிற ஜோடி மாட்ட யாரு பாத்துக்கிறது? அம்மாவால முடியல. கார்த்திகை தீபத்து சந்தையில வித்துடப் போறேன். அப்பாவாண்ட கேட்டுட்டேன், ஆமான்னுட்டாரு” என்றான்.

அந்த ஜோடிக் காளைகள் அவர் தனக்கென்று வைத்திருந்தவை. ஊர் மாட்டையெல்லாம் கைமாற்றிவிட்ட மனிதர், இந்த இரண்டை மட்டும் யார் கேட்டும் கொடுத்ததில்லை. மகன் வெளியே போனதும் அவர் மனைவி என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ஆமா நெஜ ஆமாவாம்மா? மாட்ட வித்துட்ட பொறவு இவரு உள்ளுக்குள்ளயே பொகஞ்சிகினு கெடந்தா எனக்கு எப்டிம்மா தெரியும்?”

எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புத்தி போகவில்லை, சொற்களைக் கையாளும் இடம்தான் மூளையில் அடிபட்டிருக்கிறது என்று விளக்கினேன். இல்லை என்று சொல்ல முடியாத ஒருவரின் ஆமாவை நம்பி எதையும் செய்யாதீர்கள் என்று மகனிடமும் சொன்னேன். “தீபம் வரைக்கும் பாப்பம்” என்றான். ஆகத் தீபத்துக்குள் அவர் ‘இல்லை’ என்று சொல்லப் பழக வேண்டும். பழகுவதற்கு அவர் வந்தால்தானே? ஒரு பக்கம் விழுந்துபோன ஆளை டவுன் பஸ்ஸில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு வாரம் வந்தால் இரண்டு வாரம் காணோம். வந்த அன்றும் பயிற்சிக்காக நான் வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, நான் காட்டிய எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் வேலை பார்த்த என் கல்லூரித் தோழி ஒரு ஜெராக்ஸ் கட்டு அனுப்பினாள். புது ஆராய்ச்சி எதுவானாலும் அவள் எனக்குப் பிரதியெடுத்து அனுப்பிவிடுவாள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பற்றிய வெளிநாட்டு ஆய்வு ஒன்று அதில் இருந்தது. சிலருக்குப் படித்த பயிற்சியாளர்கள் சிகிச்சை கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, இந்தப் படிப்பே படிக்காத தன்னார்வலர்கள் பேசத் துணை இருந்தார்கள். கடைசியில் சோதித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வீட்டை விட்டு, ஊரை விட்டு, ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்துக்கொண்டு படித்ததெல்லாம் எதற்கு? யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் எனக்கு எதற்கு எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை? காகிதத்தை அலமாரிக்கு மேலே வீசிவிட்டேன். ஒரு வாரம் அதன் மேல் தூசிதான் படிந்தது. என் கணவர், “உன் தோழிக்கு உன் மேல என்ன கோபம்?” என்று கேட்டுச் சீண்டினார்.

அந்த வாரமும் தரகர் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் காகிதத்தை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை முடிவை மட்டும் பார்க்காமல், எப்படிச் செய்தார்கள் என்பதை வரி வரியாகப் படித்தேன். அந்தத் தன்னார்வலர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. யாருக்கு என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று பயிற்சியாளர்கள் அவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். தொடர்ந்து பேச ஓர் ஆள் கிடைத்ததே அங்கே பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது. என் தரகருக்கு அது கிடைக்கவில்லை. எங்கள் அடி அண்ணாமலைக்கு அந்த ஊர்க் கணக்கு பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் வராத சிகிச்சையைவிட, நடந்து வருகிற ஒரு கூட்டாளி மேல் என்று தோன்றியது. கோபம் போய், தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல் இருந்தது. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியதில்லை.

கூட்டாளி யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. வாலிபத்திலிருந்து அவரோடு சேர்ந்து தரகு பார்த்த பாய் ஒருவர் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போவார். பேசுவதில்லை. “பேச்சே இல்லாத ஆளாண்ட இன்னாத்தம்மா பேசறது?” என்றார் என்னிடம்.

என்ன பேசுவது என்று நான் சொன்னேன். சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். பதிலுக்குப் பொறுமையாக இருங்கள். குழந்தையிடம் கொஞ்சுவது போல் பேசாதீர்கள். ஆமா என்றதும் எடுத்துக்கொள்ளாமல், அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு எனக்கே ஓர் ஆசை வந்தது. எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. இருவரும் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துக் காட்டித்தான் பேரம். சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம்தான் தெரியும். வாயில் இல்லாதது விரலில் இருக்குமோ?

“பாய், அந்த ஜோடிக்குத் துண்டு போட்டு விலை கேளுங்க. வேணும்னே ரொம்ப கம்மியா கேளுங்க” என்றேன்.

தரகருக்கு இடது கைதான் வரும். இடது கையால் பேரம் பேசுவது மரியாதை இல்லை. பாய் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தன் இடது கையையே நீட்டி, “நமக்குள்ள இன்னாபா” என்று துண்டைப் போட்டார். உள்ளே என்ன விரலைப் பிடித்தாரோ, தரகரின் முகம் சிவந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். வாய் மட்டும் “ஆமா! ஆமா!” என்று கத்தியது. நானும் பாயும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாயின் கண் கலங்கிவிட்டது. “உள்ளதான் கீறான்மா எங்க ஆளு” என்றார்.

அவரிடம் ‘இல்லை’ இருந்தது. வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் துண்டுப் பேரம் நடந்தது. கையை உருவும் ஒவ்வொரு தடவையும் பாய் “இல்ல” என்று சொல்வார், இவரும் உதட்டை அசைக்க வேண்டும். நான் நேரம் கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்தேன். தேறுகிறாரா என்று சோதிக்க நானே கேள்வி கேட்கவில்லை. ஆசையில் எனக்கே தெரியாமல் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவேன். மருத்துவமனை நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய், எதற்கென்று சொல்லாமல் சில கேள்விகளை எழுதிக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். “நீங்க பொம்பளைங்களா?” என்றாள் பாவம், வெட்கத்தோடு. தரகர் “ஆமா” என்றார். ஆனால் நாற்காலிக் கையில் இருந்த இடது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆமா என்பதே சரியான பதிலாக இருந்த கேள்விகளுக்குக் கை அசையவில்லை. அவருடைய ஆமாவில் எது நிஜம், எது வெறும் ஓசை என்று அன்றுதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

வாய் மட்டும் திறப்பதாக இல்லை. தீபமும் வந்துவிட்டது.

கையை இழுத்ததைச் சொல்லியும் மகன் நம்பவில்லை. “அது சும்மா வலிப்பு மாரிங்க” என்று சொல்லிவிட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனான். அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். அவர் மாடு விற்கும்போது அவர் இருக்க வேண்டும் என்ற மரியாதை அவனுக்கு இருந்தது. நானும் அவர் மனைவியும் போனோம். எங்கு பார்த்தாலும் மாடு, புழுதி, சாணி.

போளூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் காளைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார். பாய்தான் நடுவில் நின்றார். அவரோடு துண்டு போட்டு விலையை வாங்கிக்கொண்டு, தரகரிடம் வந்து இடது கையை நீட்டினார். கேட்ட விலை கம்மி இல்லை, நல்ல விலை என்று பாய் பிறகு சொன்னார். தரகர் கையை உருவினார். வாங்க வந்தவர் இன்னும் ஏற்றினார். மறுபடி உருவினார்.

மகன் அப்பா முன்னால் குந்தி உட்கார்ந்தான். “நல்ல வெலப்பா. குட்த்துடலாமா?”

எல்லோரும் ஆமாவுக்குக் காத்திருந்தோம். பாய் ‘இல்ல’ என்று எடுத்துக்கொடுக்கவில்லை, நானும் தலையை அசைத்துவிடாமல் நின்றேன். தரகரின் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. காளையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“இ… இல்ல.”

“இன்னாப்பா?”

“இல்ல. இல்ல!”

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வியாபாரம் முடிஞ்சிச்சு. மாட்ட ஓட்டிக்கினு போ” என்றார் மகனிடம். அவன் குந்தியபடியே அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். “மன்னிச்சிக்கபா, நெஜமாவே தெரியாதுபா” என்றான். அவர் மனைவி அந்தச் சாணிப் புழுதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று எனக்கு வந்த மூச்சு பக்கத்து மாட்டுக்கே கேட்டிருக்கும்.

தானாகவே தேறியிருப்பார், துண்டு எதுவும் செய்யவில்லை என்று யாராவது வாதித்தால் நான் மறுக்க மாட்டேன். ஒரே ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தை அலமாரி மேலேயே விட்டிருந்தால், பஸ்ஸுக்குக் காத்திருந்தே தீபம் முடிந்திருக்கும். அதன் பிறகு பேச்சிழந்து வருகிறவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “உங்க கூட தினமும் உட்கார்றது யாரு?” என்பதுதான்.

சந்தைக்குப் பிறகு அந்த வீட்டில் ‘இல்ல’ மழைதான். கஞ்சிக்கு இல்ல, குளிக்க இல்ல, மாத்திரைக்கு இல்ல. “முன்னயே தேவலாம் போலம்மா” என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. அடுத்த பௌர்ணமியில் வாசலில் வந்து நின்று வரம் கேட்டவர்களும் அரண்டு போனார்களாம்.

மாடுகளை மகனின் மைத்துனன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடானது. வேறு சில சொற்களும் மெல்ல வரத் தொடங்கின. ஒரு சாயங்காலம் நான் போனபோது பாயும் அவரும் துண்டுக்குள் கை விட்டுக்கொண்டு, எந்த மாடும் இல்லாமலே பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கவனிக்கக்கூட இல்லை. கிளம்பும்போது குனிந்து, தெளிவாக, தலையை ஆட்டாமல் கேட்டேன்.

“ஐயா, அடுத்த வாரமும் நான் வரட்டுங்களா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றாக யோசித்தார். மீசைக்கடியில் சிரிப்பு தெரிந்தது.

“இல்ல” என்றார்.