பன்றிக்குப் போட்ட கணக்கு

அம்மா வேலை செய்த வீட்டுக்காரர் ஒரு வழக்கறிஞர். நாங்கள் ஊரை விட்டு வந்து சேர்ந்த வெளிநாட்டு நகரத்தில், லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் நாலாம் மாடி. காட்டுப்பன்றி வேட்டைப் பிரியர். கடையில் விற்கும் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, துப்புரவாக்கி, புது வெடிமருந்தும் நுனியில் பாயும் புதுச் சன்னமும் வைத்து, தானே அழுத்தி எடுப்பார். அப்படிச் செய்த தோட்டா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு கீழிறங்கும், அங்கே அதற்கு எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்க்க ஒரு கணினி நிரலும் வாங்கி வைத்திருந்தார். அது முழுக்க ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும். “என் மகன் படிச்சவன், சிஞ்ஞோர்” என்று அம்மாதான் வாய்விட்டிருக்கிறா.

எனக்குப் பத்தொன்பது வயது. கணினி என்றால் சோறு வேண்டாம். கஜத்தை மீற்றராக்கி, அடியைச் சதமமீற்றராக்கி, அவர் பயிற்சித் திடலில் அளந்து வந்த வேகத்தைத் தட்டிக் கொடுத்தால் திரையில் வரிசை வரிசையாக எண்கள் இறங்கும். ஒரு சன்னத்தை மாற்றினால் எல்லா வரிசையும் மாறும். எந்தத் தோட்டா அடுத்த வாரம் மலைக்குப் போக வேண்டும் என்பதை நானும் அவருமாகத் தீர்மானித்தோம். அவர் என்னைத் தன் மேசையிலேயே இருத்தினார். அம்மா அதே அறையில் தூசி தட்டிக்கொண்டு, எங்கள் பாஷையில் ஒருமுறை சொன்னா: “வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை வந்து வெடி செய்யிறாய்.” அவர் என்னவென்று கேட்டார். கோப்பி வேண்டுமா என்று கேட்கிறா என்றேன்.

அந்த நிரலை ஒரு கணினித் தட்டில் படி எடுத்துக் கால்சாப் பகுதியில் நாங்கள் ஞாயிறு பூசைக்குக் கூடும் கத்தோலிக்கக் கோயிலின் கணினியில் போட்டேன். பாட்டுத்தாள் அடிப்பதற்காக யாரோ கொடுத்த பழைய கணினி அது. பூசை முடிந்ததும் பெடியங்களைக் கூட்டி வைத்துக் காட்டுவேன். சன்னம் ஒரு நாளும் நேராகப் போவதில்லை, விழுந்துகொண்டேதான் போகிறது என்று சொன்னால் அவங்கள் வாய் பிளப்பாங்கள். அதற்காகவே சொன்னேன்.

இந்தக் கதை மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்காவின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை அவவுக்கு. அவவுடைய மகன் ஊரில், அவவின் தங்கச்சியோடு இருந்தான். வீட்டுக்கு எதிரே, கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம், புதிதாக ஆமிக்காம்ப் வந்துவிட்டது. வீட்டிலேயே இருக்கவா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போகவா என்று கேட்டுத் தங்கச்சி எழுதியிருந்தாள். விட்டுப்போன வீட்டை யாரும் விட்டுவைப்பதில்லை. பதில் எழுத வேண்டியவ இந்த அக்கா.

பெடியங்கள் போன பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தா.

“தம்பி, வெடி எவ்வளவு தூரம் போகுமெண்டு உது சொல்லுமாமே?”

“ஓம் அக்கா. தூரத்தைச் சொல்லுங்கோ.”

மீற்றர் அவவுக்குத் தெரியாது. கண்ணை மூடி யோசித்தா. காம்புக்கும் வீட்டுக்கும் இடையில், இந்தக் கோயில் வாசலில் இருந்து வுச்சீரியாச் சந்தை மீன்கடை வரைக்கும் இருக்கும் என்றா.

“நேர்கோட்டிலயோ, ஒழுங்கையால வளைஞ்சு நடந்து போற தூரமோ?” என்று கேட்டேன்.

“வெடி ஒழுங்கையாலயே வரும், தம்பி?”

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. நகரப்படம் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றி, அடிமட்டம் வைத்து அளந்தேன். வேட்டைக்காரர் அவ்வளவு தூரம் சுடுவதில்லை என்பதால் அட்டவணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதை நீட்டுவது எப்படி என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. திரையை அவ பக்கம் திருப்பினேன். “பாருங்கோ அக்கா, மீன்கடையும் தாண்டிப் போகுது. அங்கையும் நல்ல வேகம் இருக்கு.”

அவ எண்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தா.

“அந்த வீட்டு முத்தத்திலதான் பிள்ளை விளையாடுறவன்,” என்றா. பிறகு, “நடுவில சுவர் இருந்தா?”

சுவரை எழுத அந்த நிரலில் இடம் இல்லை. பன்றிக்கு முன்னால் யாரும் சுவர் கட்டுவதில்லை. தெரியாது என்றேன். அவ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போனா.

அடுத்த தடவை வழக்கறிஞரின் மேசையில் இருந்தபோதுதான் உறைத்தது. நான் அவவுக்குக் காட்டியது ஆமிக்காரனின் துவக்குக் கணக்கே இல்லை. அவர் பன்றிக்கென்று செய்த தோட்டாவின் எண்கள் படியெடுத்த தட்டில் அப்படியே கிடந்திருக்கின்றன. அளவெடுக்க ஓடிய அவசரத்தில் அதை மாற்ற மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் அவவைப் பிடித்துச் சொன்னேன். திரும்பப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

“நான் எழுதிப் போட்டன், தம்பி. பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிப்போட்டன்.”

“அக்கா, அது பண்டி வெடியின்ர கணக்கு.”

“பண்டிக்கு வைக்கிறதே உவ்வளவு தூரம் போகுதெண்டா, எங்களுக்கு வைக்கிறது கிட்டவே விழப்போகுது?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவவும் சிரித்தா.

வழக்கறிஞர் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் சொல்ல நன்றாக இருக்கும். அவருடைய கணினியில் அந்தத் தூரத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்திருந்தேன். ஒருநாள் அவர், அட்டவணையை ஏன் இவ்வளவு தூரம் நீட்டி அச்சடித்திருக்கிறாய், அங்கே நிற்கும் பன்றி கண்ணுக்கே தெரியாதே என்று கேட்டார். சும்மா பார்த்தேன் என்றேன். அம்மா தூசித்துணியை உதறினா.

ஊரிலிருந்து பதில் வர மழைக்காலம் வந்துவிட்டது. பூசை முடிந்து எல்லாரும் குடை விரித்துக்கொண்டு நிற்க, அக்கா என்னிடம் வந்து, “பள்ளிக்கூடத்தில இருக்கினமாம். பிள்ளை சுகமாம். வீட்டு ஓடெல்லாம் கழட்டிக்கொண்டு போயிட்டாங்களாம்,” என்றா. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

நான் அவவுக்காகச் சந்தோசப்பட வேண்டும். ஓடு போனதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் என் நாக்கு நுனிக்கு வந்தது வேறு. சுவரில் சன்னம் பட்ட அடையாளம் ஏதும் இருந்ததா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. என் கணக்குச் சரிதானா என்று தெரிய வேண்டும்.

“என்ன தம்பி? கேளுமன்.”

“பிள்ளை இப்ப எத்தினையாம் வகுப்பு, அக்கா?”

அவ சொல்லத் தொடங்கினா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.