நான்கு நாள் மூடிய ஒன்பது கடைகள்

1. நாற்றம்

அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சந்தைக்குப் பின்னால் நான்கு நாள் காய்கறிக் கழிவு அள்ளப்படாமல் கிடந்தது. மழைக்காலம் வேறு. நாற்றம் ஆபீஸ் மாடி வரைக்கும் ஏறியிருந்தது.

நான் பர்மாவில் ஒரு நகராட்சியில் சந்தைப் பிரிவு எழுத்தராக முப்பத்தோரு வருடம் இருந்தவன். வீடு தாகேதாவில், ஆபீஸ் பாகோ ஆற்றுக்கு அக்கரையில். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே எல்லோரும் பேசியது பர்மியத்தில்தான். படிப்பவர்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன். மரியாதைக்குச் சொல்லும் ஊ, கோ, சயா மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், நம் ஐயா, அண்ணன், சார் மாதிரி.

சந்தை அதிகாரி ஊ மியிங் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கோ ஜோசப், உங்க கரேன்காரங்க எங்க போனாங்க?"

கரேன் ஊர்க்காரர்கள் லாரியில் கழிவை அள்ளிப்போகும் திட்டம் நன்றாக நடந்தபோது அது ஊ மியிங்குடைய திட்டம். மேலிடத்துக்கு அனுப்பும் படங்களில் அவர்தான் நடுவில் நிற்பார். லாரி வராத நாளில் அவர்கள் என்னுடைய கரேன்காரர்கள் ஆகிவிட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போய்விட்டேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது.

2. ஒப்பந்தம்

ஏற்பாடு இதுதான். ஆற்றோடு மேலே போனால் ஓடைக்கரையில் கரேன் இனத்தவர் ஊர் ஒன்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மண். வெற்றிலை, மூங்கில் குருத்து, புளிச்சக்கீரை எல்லாம் நன்றாக விளையும். ஆனால் விலை சொல்வது தரகர்கள். எங்கள் சந்தையிலோ கழிவைக் கொட்ட இடமில்லை. ஆகவே நகராட்சி அவர்களுக்கு ஒன்பது கடை கொடுக்கும். காலையில் காய்கறி கொண்டுவரும் லாரி, திரும்பும்போது சந்தைக் கழிவை உரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் பிழைக்கிற ஏற்பாடு. என் வேலைக்காலத்தில் எனக்குப் பிடித்த ஒரே திட்டம் என்றுகூடச் சொல்லலாம்.

ஒப்பந்தத்தை டைப் அடித்தது நான். பழைய படிவத்தை எடுத்துப் பெயரை மாற்றி அடிப்பதுதானே எழுத்தர் வேலை. பழைய கடை உரிமத்தின் நிபந்தனைகள் பதினொன்றையும் அப்படியே சேர்த்தேன். ஏழாவது நிபந்தனை: தொடர்ந்து மூன்று நாள் மூடிக் கிடக்கும் கடை நகராட்சிக்குத் திரும்பிவிடும். கடையை வாங்கிப் பூட்டி வைத்துப் பிறகு கைமாற்றும் ஆட்களுக்காக எப்போதோ எழுதிய நிபந்தனை அது.

கையெழுத்துப் போட ஊர்த்தலைவர் சோ தா வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். பாத்தி என்று கூப்பிடுவோம். கரேன் பெரியவர்களை அப்படித்தான், நம் மாமா மாதிரி. பதினொரு நிபந்தனையையும் நான் வாசித்தேன். வெளியே போட்டோ எடுப்பவர் காத்திருந்தார், எப்போது கரண்ட் போகுமோ என்ற பதற்றம் வேறு. பாத்தி மெதுவாகக் கேட்டார்:

"எங்க ஊர்ல சாவு விழுந்தா, அடக்கம் ஆகிற வரைக்கும் ஊரை விட்டு ஒரு கூடை வெளியே போகாது. அப்ப என்ன பண்றது, தம்பி?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம், பாத்தி."

அவர் தலையாட்டினார். எதிரே இருப்பவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொள்வதைப் பர்மியத்தில் ஆனாடே என்பார்கள். இந்த நாட்டில் பாதிக் காரியம் அதனால் நடக்கிறது, மீதி அதனால் கெடுகிறது. பாத்தி அதற்கு மேல் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

3. நோட்டீஸ்

ஒன்றரை வருடம் லாரி ஒரு நாள் தவறவில்லை. பிறகுதான் அந்த நான்கு நாள். ஊரில் போனும் எடுக்கவில்லை. ஏழாவது நிபந்தனைப்படி ஒன்பது கதவிலும் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார் ஊ மியிங்.

"சயா, ஒரு தடவை போய் விசாரிச்சுட்டு ஒட்டலாமே."

"நாத்தம் பொறுக்கல ஜோசப். மேலேருந்து ரெண்டு தடவை கேட்டாச்சு. ஒட்டிட்டுப் போய் விசாரிங்க."

ஒட்டினோம். ரத்துக் கடிதத்தை நேரில் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. தன்லியின் என்ற ஊர் வரை பஸ், பிறகு ஒரு லாரியின் பின்பக்கம், பிறகு படகு. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன்.

படகை விட்டு ஏறியதும், சர்ச்சுக்குப் பக்கத்தில் புது மண் போட்டு மூடிய ஒரு குழி. சிலுவையில் சோ தா என்று எழுதியிருந்தது.

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பாத்தியின் மகள் நோ மூ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கடைகளையும் லாரியையும் நடத்துவது அவள்தான். நகராட்சிக்காரனை நம்ப மாட்டோம் என்ற ஊரை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவளும் அவள். எனக்குச் சோறு போட்டாள்.

"அண்ணன் தாய்லாந்து எல்லையில வேலை செய்யுது. அது வந்து சேர நாலு நாள் ஆயிடுச்சு. நேத்துதான் அடக்கம். நாளைக்கு லாரி வந்துடும், ஊ ஜோசப்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அப்பா அன்னைக்கே உங்ககிட்ட கேட்டுட்டாராமே. நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களாம். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தார்."

தட்டைத் தள்ளி வைத்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். திட்டியிருந்தால் தேவலை. மடித்து வைத்துவிட்டு, "ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

4. ஒரு வரி

மறுநாள் ஊ மியிங் மேஜையில் ஒரு பக்கக் குறிப்பு வைத்தேன். கையெழுத்துப் போட்ட அன்றே ஊர்த்தலைவர் இதைக் கேட்டார், நான் மழுப்பினேன், பதிவு செய்யவில்லை, தவறு என்னுடையது.

"இதை மேலே அனுப்பினா பழி உங்க மேலதான் வரும். ரிட்டையர் ஆகப் போற நேரத்துல எதுக்கு?"

"வரட்டும், சயா."

வந்தது. என் பணிப் பதிவேட்டில் முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் கண்டிப்பு ஏறியது. குறிப்பு மேலே போய்க் கீழே வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் நான்கு கடைகள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. மீதி ஐந்து திரும்பக் கிடைத்தன. லாரியும் ஓடத் தொடங்கியது. நோ மூ வந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏழாவது நிபந்தனைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தேன்: ஊரில் இறப்பு நேர்ந்தால் அடக்கம் முடியும் வரை கடை மூடியிருக்கலாம். அதைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போது ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பார்த்துக்கலாம் என்பதை நாம் சும்மா சொல்கிறோம். கேட்பவர் அதை நம்பி வீட்டுக்குப் போகிறார்.

ஓய்வுக்குப் பிறகும் எப்போதாவது பாலம் தாண்டி அந்தச் சந்தைக்குப் போவேன். போன மாதம் போனபோது ஐந்து கடையும் மூடியிருந்தது. அவர்கள் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். கதவுகளைப் போய்ப் பார்த்தேன். எதிலும் நோட்டீஸ் இல்லை.