கடைசிப் பிசிறு

தையல்காரருக்குப் பிசிறு என்றாலே ஆகாது. தைத்த சட்டையில் ஒரு நூல் தொங்கினாலும் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்ட மனுஷன் வாராவாரம் சதுப்பு ஏரியில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, மற்ற தொண்டர்களோடு ஆகாயத்தாமரையை இழுத்துக் கரைசேர்ப்பார். கூலியா, பேரா? ஒரு மண்ணும் கிடையாது. களை விலகிய இடத்தில் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்த்தால் போதும் அவருக்கு. அங்கே சின்னவீடு வைத்திருக்கிறாரோ என்று கிண்டலடிப்பாள் மனைவி. செத்தாலும் சேற்றில் கால்வைக்க மாட்டேன் என்று அவள் கரையோடு நின்றுவிடுவாள்.

அன்றைக்கு ஒரே பனிமூட்டம். ஏரி எது, வானம் எது என்றே தெரியவில்லை. மற்றவர்கள் தேநீர் குடிக்கக் கரையேறிவிட்டார்கள். நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு களைத்திட்டு மட்டும் மிச்சம். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தனித்திட்டைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. ஆனால் கை சும்மா இருக்குமா? பிசிறாயிற்றே! பிடித்து ஒரே இழுப்பு. அடியில் சிக்கியிருந்த வேர் அறுந்து திட்டு நகர்ந்தது. நீளவால் இலைக்கோழி ஒன்று பூனைக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு எழும்பியது. இலைமேல் பளபளவென்று பழுப்பு முட்டைகள்.

விட்டால் திட்டு மதகுப் பக்கம் மிதந்துபோய்க் கவிழ்ந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பறவை மிரளாமலிருக்கத் தலையில் ஒரு கொத்துக் களையைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்துவரை அமுங்கி, மூச்சைக்கூட மெல்ல விட்டார். இந்த ஜாதியில் அடைகாப்பது அப்பன்தான். அம்மாக்காரி முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அந்த அப்பன் திரும்பி வருவானா? வராவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும். பாவி, நான் ஏன் இதைத் தொட்டேன் என்று நொந்துகொண்டார். கைகள் மரத்துப்போயின. தும்பி ஒன்று மூக்கின்மேல் உட்கார்ந்து போனது. தண்ணீர் தாலாட்டத் தாலாட்ட, தானும் ஒரு செடியாகி அங்கேயே முளைத்துவிட்டதுபோல் இருந்தது.

பனிக்குள்ளிருந்து, நீண்ட விரல்களை எட்டியெட்டி வைத்து வந்தான் அப்பன்காரன். முட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு இறகைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டான். தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பனி விலகத் தொடங்கியதும், கடை திறக்க நேரமாகிவிட்டதென்று கரையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"மெதுவா பேசு," என்றார் களைக்குள்ளிருந்து. "முட்டைமேல அவங்கப்பா உக்காந்திருக்காரு. நான் கைய விட்டா எல்லாம் போயிடும்."

அவள் அந்தக் களைத் தலையையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திட்டை நகராமல் கட்டிவைக்கக் கரையில் கிடந்த கயிற்றையும் ஒரு மூங்கில் கம்பையும் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சேற்றில் கால்வைத்தாள்.