அச்சன்புதூருக்குப் போகாத நாள்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை வீடு தேடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. சிகிச்சை முடிந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் முடிவு எழுத வேண்டும்: குணமானார், இறந்தார், இடம் மாறிப் போனார். இறந்தார் என்று எழுதினால் காரணம் கேட்டுத் தனியாக ஒரு படிவம் உண்டு. அதனாலேயே அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வராது.

அச்சன்புதூர்க்காரர் ஒருவர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். திடீரென்று மாத்திரை வாங்க வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது குற்றால சீசன், மனைவி வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் சந்தைக் கடைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"கேரளாவுக்கு லோடு ஏத்தப் போயிருப்பான்னு நெனைக்கேன் அண்ணாச்சி."

எனக்கு அது போதுமாக இருந்தது. இடம் மாறிப் போனார் என்று எழுதிவிட்டு ஐந்தருவியில் போய்த் தலையைக் கொடுத்தேன்.

மறு வருடக் கூட்டத்தில், காசநோய் மரணங்கள் வருடத்துக்கு வருடம் குறைவதைத் திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள். குறைந்தது பொய்யில்லை. ஆனால் எங்கள் பகுதிக் கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நின்றேன்.

அந்த வாரமே அந்த மூட்டைக்காரரின் மனைவி இருமிக்கொண்டே வந்து, ஒரு மஞ்சப்பையை மேசையில் வைத்தார். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள்.

"அவிய தவறி வருசமாச்சு சார். நீங்க வருவியன்னு எடுத்து வச்சிருந்தேன். எனக்கும் மூணு மாசமா இருமலு. நீங்க வந்தா கேப்போம்னு இருந்துட்டேன்."

அன்று நான் போயிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்து, நோய் வராமலிருக்கத் தடுப்பு மாத்திரையும் கொடுத்திருப்போம். அதுதான் முறை.

"சீசன்ல வேலை ஜாஸ்திம்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார். ஒங்களுக்கு ஆயிரம் சோலி" என்று என்னைத் தேற்றினார்.

அவருக்கும் காசநோய்தான். சளிப் பரிசோதனை முடிவு வந்த அன்று, அவருடைய கணவரின் பழைய பதிவைத் திறந்து 'இறந்தார்' என்று திருத்தினேன். படிவம் காரணம் கேட்டது. குளிக்கப் போயிருந்தேன் என்று எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. 'நோய் முற்றியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.