டார்ஜிலிங்குக்குப் போன ரைஸ் குக்கர்

அக்டோபரில் டார்ஜிலிங் போய்வந்ததிலிருந்து, நாங்கள் இருக்கும் நியூஜெர்ஸி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள்: அங்கே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்? சொல்கிறேன். ஆனால் கோபமாகத்தான் சொல்வேன். பொறுமையாகச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் ரவியைக் கேளுங்கள். அவர் எதையும் பார்க்கவில்லை, அதனால் நிதானமாகச் சொல்வார்.

முதல் நாள். பாக்டோக்ரா விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மதியம் ஒரு மணி. நாங்கள் நாலு பேர். நான், ரவி, அவருடைய காலேஜ் நண்பர் செந்தில், செந்திலின் மனைவி மாலதி. அவர்களும் நியூஜெர்ஸிதான், பார்சிப்பனிக்காரர்கள். அங்கிருந்து டார்ஜிலிங் எழுபது கிலோமீட்டர். வண்டி வாடகை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், மூன்றரை மணி நேரம் ஆகும். குர்சியாங் தாண்டியதும் தேயிலைத் தோட்டங்கள் சாலைக்குக் கீழே போய்விடுகின்றன. பொம்மை ரயிலின் தண்டவாளம் சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு கூடவே வருகிறது. கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினால் ரயிலைத் தொட்டுவிடலாம்.

ஓட்டுநர் பெயர் பெம்பா. அவருக்கு நேபாளியும் இந்தியும், எனக்குத் தட்டுத்தடுமாறி இந்தி. அவர் சொன்னதைத் தமிழிலேயே தருகிறேன். "மேடம், காஞ்சன்ஜங்கா காலையில ஆறு மணிக்குத் தெரியும். எட்டு மணிக்கெல்லாம் மேகம் மூடிடும். எத்தனை காலை இருப்பீங்க?"

"மூணு."

"ஒண்ணு கிடைச்சாலே அதிர்ஷ்டம்" என்றார்.

அந்த ஒன்றுக்காகத்தான் நான் வந்தேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் நாங்கள் போகாத இடம் இல்லை. நயாகரா, கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், எல்லாம் போயிருக்கிறோம். ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது மோட்டல் பாத்ரூம்தான். வாஷ் பேசின் பக்கத்தில் ரைஸ் குக்கர். தட்டு கழுவ ஷாம்பூ. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், ஜிப்லாக்கில் அரிசி. எல்லாரும் சூரிய உதயம் பார்த்துவிட்டு வருவார்கள், நான் தயிர்சாதம் பிசைந்து வைத்திருப்பேன். "வெளிச் சாப்பாடு ஒத்துக்காது" என்பார் ரவி. ஆபீஸ் கேஃபட்டேரியாவில் தினமும் ஒத்துக்கொள்கிற வயிறு, லீவு போட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாது.

இந்தத் தடவை நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். குக்கர் வரக்கூடாது. ரவியும் சரி என்று தலையாட்டினார்.

ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறந்தால் அவருடைய ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்த குக்கர் இருக்கிறது.

"என்னங்க இது?"

"சும்மா எமர்ஜென்சிக்கு சுதா. யூஸ் பண்ணவே போறதில்ல. டென்ஷன் ஆகாத."

நான் டென்ஷன் ஆனேன். சத்தம் பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். இமயமலைக்கு வந்தும் நான் அரிசிதான் கழுவ வேண்டுமா என்று கேட்டேன். நீ கழுவ வேண்டாம், நானே கழுவுகிறேன் என்றார். பெரிய தியாகம்.

இரண்டாம் நாள். காலை ஐந்தரை மணிக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பெம்பா வருவார். சௌரஸ்தா சதுக்கத்தின் பின்னால், அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிப் போகும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ரவி, வழியில் சாப்பிட ஆகட்டும் என்று அரிசியைப் போட்டு, குக்கரைச் சுவரில் செருகிவிட்டார்.

நியூஜெர்ஸியில் வாங்கிய குக்கர். நூற்றுப்பத்து வோல்ட். இந்தியச் சுவரில் வருவது இருநூற்று முப்பது. அவர் கையில் இருந்த அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். என் வீட்டுக்காரர் படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். செந்திலும் அதே கிளாஸ், அதே பெஞ்ச். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் புகை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மாடி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வெந்நீர் இல்லாமல் பாதிக் குளியலில் நின்ற ஒருவர் துண்டோடு வராந்தாவுக்கு வந்து வங்காளத்தில் திட்டினார். எனக்கு மொழி புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லோடும் ஒத்துப்போனேன். மேனேஜர் வந்தார், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார், ரவி மன்னிப்புக் கேட்டார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது ஒன்பது மணி. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மேகம் நின்றது. பெம்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைக்கு உயிரியல் பூங்காவில் சிவப்புப் பாண்டா பார்த்திருக்கலாம். மலையேற்ற அருங்காட்சியகம் அதே வளாகத்தில்தான். தேயிலைத் தோட்டத்தில் நடந்திருக்கலாம். நாங்கள் பார்த்தது என்ன தெரியுமா? சாம்பார் கிடைக்கும் கடை. மூன்று மணி நேரம் தேடினோம். "பெம்பா பாய், சவுத் இண்டியன்? இட்லி? ரைஸ்?" என்று வளைவுக்கு வளைவு செந்தில் கேட்டார். அந்த ஊரில் எல்லாரும் சோறுதான் சாப்பிடுகிறார்கள், தட்டு நிறையச் சோறு, பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். பெம்பா ஒரு கடைக்கு அழைத்துப்போனார். ரவி எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ஆயில் எப்படி இருக்கோ" என்றார். கடைசியில் பிஸ்கட் தின்றார்கள். சாயங்காலம் ஒரு முடிவு எடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பி சிலிகுரி இறங்குவது. அங்கே நல்ல தோசை கிடைக்கிறதாம், புதுக் குக்கரும் வாங்கிக்கொள்ளலாமாம்.

"இன்னும் ரெண்டு காலை இருக்குங்க" என்றேன்.

"மலை எங்க போகப்போகுது? யூடியூப்ல ஃபோர்கேல பார்த்துக்கலாம் சுதா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனில் நாலரைக்கு அலாரம் வைத்தேன்.

மூன்றாம் நாள். ஐந்து மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு பக்கத்து அறையைத் தட்டினேன். மாலதி கதவைத் திறந்தாள்.

"வா, நடந்தே போயிடலாம். அரை மணி நேரம்தான்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். செந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். "பேக்கிங் முடியல அக்கா. எந்திரிச்சா இவரு கத்துவாரு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வர்றீங்களா?"

நாற்பத்திரண்டு வயதுப் பெண். பார்சிப்பனியில் பதினைந்து பேர் கொண்ட டீமுக்கு மேனேஜர். மலை பார்க்கப் பயப்படுகிறாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. படியிறங்கும்போது, நேற்றுவரை நானும் அப்படித்தானே இருந்தேன் என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து முப்பத்தைந்து. நான் தொடுவானத்தில் தேடினேன், அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாள் என் முகவாயைப் பிடிக்காத குறையாக மேலே காட்டினார். மேகம் இருக்கும் என்று நாம் நினைக்கிற உயரத்தில் மலை இருந்தது. முதலில் நுனி மட்டும் சிவந்தது. அப்புறம் மஞ்சள் மெதுவாகக் கீழே இறங்கியது. நான் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. இதை விட்டுவிட்டா நான் இத்தனை ஊரில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்?

போனை எடுத்தேன். போட்டோ எடுக்கவில்லை, ஆஃப் செய்தேன்.

பிறகு ரயில் நிலையத்துக்கு இறங்கினேன். கூம் வரை போய்த் திரும்பும் பொம்மை ரயில், டீசல் இன்ஜின், ஆயிரம் ரூபாய், இரண்டு மணி நேரம். பத்தாசியா வளைவில் ரயில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது. கூம் நிலையம் ஏழாயிரத்து நானூறு அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தள்ளுவண்டியில் காய்கறி மோமோ சாப்பிட்டேன், காரச் சட்னியோடு, இரண்டு தட்டு. ஆயில் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. வயிறும் ஒன்றும் செய்யவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. வண்டியில் பெட்டி ஏற்றி, உள்ளே இரண்டு ஆண்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாலதி பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போன? போன் கூட ஆஃப். நாங்க எவ்வளவு வொர்ரி பண்ணினோம் தெரியுமா?" என்றார் ரவி.

"மலை பார்க்க வந்தேன், பார்த்தேன்" என்றேன்.

பெம்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தெரிஞ்சுதா மேடம்?" என்றார். அந்த வண்டியில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கீழே இறங்கும்போது மாலதி என் காதருகே குனிந்து, "போட்டோ அக்கா?" என்றாள். எடுக்கவில்லை என்றேன். அவள் முகம் வாடிப்போனது.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு வாசலுக்கு வந்தால் ஒரு அட்டைப்பெட்டி காத்திருந்தது. திரும்பும் வழியில் டெல்லி விமான நிலையத்திலிருந்தே ரவி ஆர்டர் போட்டிருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "டிராவல் குக்கர் சுதா. டூயல் வோல்டேஜ். நூத்திப்பத்தும் தாங்கும், இருநூத்தி முப்பதும் தாங்கும். நெக்ஸ்ட் ட்ரிப்ல ப்ராப்ளமே இருக்காது."

டார்ஜிலிங்கிலிருந்து என் கணவர் கற்றுக்கொண்டு வந்தது இவ்வளவுதான்.

கோட்டைக் கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்து மாலதிக்குப் போன் செய்தேன். "பாஸ்போர்ட் நம்பர் சொல்லு. அடுத்த வருஷம் அக்டோபர், பாக்டோக்ரா. ரெண்டே டிக்கெட், எனக்கும் உனக்கும்."

"இவருக்குச் சாப்பாடு அக்கா?" என்றாள் மெதுவாக.

"கவலைப்படாத. எங்க வீட்ல ஒரு புதுக் குக்கர் இருக்கு, குடுத்தனுப்புறேன்" என்றேன்.

அவள் நம்பரைச் சொன்னாள்.