போணிக்கு ஒரு பட்டன் வைத்தவர்

திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கண்டெய்னர் யார்டில் எங்களுக்கு கேட் சூப்பர்வைசராக இருந்தவர். காரணமில்லாமல் போன் போடுகிற ஆள் இல்லை.

"லோகு, வசந்தா மேடம் தவறிட்டாங்கம்மா. மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். வர்றதுன்னா இப்பவே கெளம்பு."

மணலி போகிற ஆட்டோ வந்து நின்றது. ஏறாமல் நின்றேன். "ஏறுக்கா, இன்னா ரோசன பண்ணிகினு கீற" என்றான் ஓட்டுகிறவன். வேலைக்குப் போக வேண்டியவள் ரோட்டைத் தாண்டிப் போய் வியாசர்பாடிக்கு பஸ் பிடித்தேன்.

ஹவுசிங் போர்டு வீட்டில், புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். சரணம் சொல்லி முடித்துத் தூக்கினார்கள். யார்டிலிருந்து போனவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. கம்பெனி கைமாறிய பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரிகிறது.

படத்திறப்பு அன்று எல்லோருக்கும் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு நீ எழுது என்று அண்ணன் சொன்னார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அப்புறம் ராயபுரத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். தட்டத் தெரிந்தவளுக்கு எழுதவும் தெரியும் என்று அண்ணன் நினைக்கிறார். உங்களில் பலருக்கு மேடத்தை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மேடம் எழுதிய ப்ரோக்ராமில்தான் எங்கள் யார்டு ஓடியது. ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகள் லாரியில் எங்களிடம் வரும். கேட்டில் உட்கார்ந்து பெட்டி நம்பரையும் லாரி நம்பரையும் நான் தட்டுவேன். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். மேடம் இருந்தது மாடியில், ஏசி ரூமில். அட்டையில் ஓட்டை போட்டு மெஷினுக்குக் கணக்குக் கொடுத்த காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர் என்பார்கள். படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பார். அவ்வளவுதான் பழக்கம்.

அந்தப் பழக்கம் மாறியது ஒரு பெட்டி காணாமல் போனபோது.

அதற்கு முன்னால் போணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. யார்டில் ஒரு திங்கட்கிழமை கிரேன் கம்பி அறுந்து ஒருத்தருக்குக் கால் போயிற்று. ராகு காலத்தில் முதல் லாரியை உள்ளே விட்டதால்தான் என்று பேச்சாகிவிட்டது. திங்கட்கிழமை கேட் திறக்கிற நேரமே ராகு காலம். லாரியை நிறுத்தி வைக்கவும் முடியாது. ஏகாம்பரம் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றைக்கு என்னென்ன பெட்டி வரும் என்று முதல்நாளே தாள் வந்துவிடும். அதில் முதலில் இருக்கிற பெட்டியை, ராகு காலம் தொடங்குவதற்கு முன்பே வந்ததாகத் தட்டிவிடுவது. போணி ஆகிவிட்டால் அப்புறம் எந்த நேரமும் நல்ல நேரம். என் கை ராசியான கை என்று சொல்லி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை மட்டும் சீக்கிரம் வந்து, கற்பூரம் காட்டி, போணியைத் தட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அந்த லாரியும் வந்துவிடும். ஒன்றும் கெட்டுப்போனதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் தட்டிய பெட்டி வரவில்லை. லாரி வழியில் படுத்துவிட்டது. லாரிக்காரர்கள் பெட்டியை வேறு வண்டிக்கு மாற்றி, எங்கள் கம்பெனிக்கே மாதவரத்தில் இருந்த இன்னொரு யார்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று லாரிகள் வரிசை கட்டி நின்றதில் அந்த ஒரு லாரி வராததை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அந்த வாரமே பெட்டிக்காரருடைய ஆட்கள் எடுக்க வந்தார்கள். கம்ப்யூட்டரில் பெட்டி இருக்கிறது. யார்டில் இல்லை. உள்ளே இருந்தது செம்புக் கம்பி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"வந்துச்சுன்னு நீ அடிச்சிருக்க. வெளிய போனதா ரெக்கார்டு இல்ல. அப்ப பெட்டி எங்கம்மா, ஆவியா போச்சா?"

அன்றைய கேட் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குள்ள சொல்லு. இல்லன்னா ஸ்டேஷன்ல போய் சொல்லிக்க."

வெளியே வந்தால் ஏகாம்பரம் அண்ணன் நிற்கிறார். "போணி விசயத்த மட்டும் சொல்லிடாத லோகு. ரெண்டு பேருக்கும் வேல பூடும்." அண்ணன் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாவற்றையும் எழுது என்றது அவர்தான். சொல்லாவிட்டால் திருடி, சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். அதற்குள் எங்கள் தெருவரைக்கும் பேச்சு வந்துவிட்டது. "ஏம்மா லோகு, கண்டெய்னரயே முழுங்கிட்டியாமே" என்று குழாயடியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அது தமாஷ்.

மறுநாள் காலையில் மேடம் கேட் ரூமுக்கு இறங்கி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. உட்கார ஸ்டூல்கூட இல்லை. மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"லோகு, ஒண்ணு கேக்கறேன். கேட்டு தொறக்கறதே எட்டு மணிக்கு. திங்கக்கெழம மட்டும் ஏழு மணிக்கே ஒரு லாரி உள்ள வந்துகினு கீது. வாரா வாரம். செவுரு ஏறிக் குதிச்சு வருதா?"

மாடியில் இங்கிலீஷும் நல்ல தமிழும் பேசுகிறவர், என் பேச்சில் என்னிடம் பேசினார். நான் அழுதுவிட்டேன். போணியைச் சொன்னேன். கற்பூரத்தைச் சொன்னேன். அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த கற்பூரக் கரியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஆளு ஒருவாட்டி தப்பு பண்ணா ஆளப் பாக்கணும். அதே தப்பு வாரா வாரம் நடந்தா ப்ரோக்ராமப் பாக்கணும்" என்றார். "இத்தினி நாளு நான் பாக்கல."

பிறகு, இங்கே வராத பெட்டி அங்கே இறங்கியிருக்குமோ என்று மாதவரம் யார்டுக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் பெட்டி கிடைத்துவிட்டது. ஆனால் என் விஷயம் முடியவில்லை. பொய்யாகத் தட்டியவளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேனேஜர் பிடிவாதமாக இருந்தார். மேடம் அவர் ரூமுக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. ஆபீஸ் முழுவதும் கேட்டது.

"லாரி வாசல்ல நிக்குதான்னு என் ப்ரோக்ராம் கேட்கவே இல்ல சார். எது அடிச்சாலும் வாங்கிக்கற மாதிரி எழுதி வச்சது நான். அவங்கள அனுப்பணும்னா மொதல்ல என்னை அனுப்புங்க."

"அவங்க பொய் அடிச்சிருக்காங்க, வசந்தா."

"என் ப்ரோக்ராம் அந்தப் பொய்ய நிஜம்னு உங்களுக்குச் சொல்லியிருக்கு. எது பெருசு?"

எனக்கு வேலை இருந்தது. அந்த வருஷம் மேடத்துக்கு வரவேண்டிய பெரிய பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பெட்டி விவகாரத்தில் தன் வாயாலேயே தப்பை ஒத்துக்கொண்டவர் என்று சொன்னார்களாம். மேடம் இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்து தெரிந்துகொண்டேன். போய்க் கேட்டேன். "டீ ஆறுது, குடி" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல கேட் ரூமில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரிப் புழுதிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நான் எதைப் பார்க்கிறேன், எங்கே தடுமாறுகிறேன், டிரைவர் கத்தினால் எந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டுப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "மாடியில உக்காந்து எழுதுனா அது மாடிக்குத்தான் ப்ரோக்ராம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மாற்றி எழுதினார். லாரி உள்ளே வந்து, செக்யூரிட்டி ஒரு தரம் தட்டினால்தான் பெட்டி கணக்கில் ஏறும்.

அப்படியானால் போணி இல்லை என்று நாங்கள் நினைத்தோம். ஏகாம்பரம் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பட்டனைக் காட்டினார். அழுத்தினேன். பெட்டி இல்லை, லாரி இல்லை. நாளும் நேரமும் மட்டும் ஏறிற்று. பிரிண்டரில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் 'போணி' என்று இருந்தது. அண்ணன் அதற்குச் சந்தனம் தடவி கேட்டில் ஒட்டினார்.

மேனேஜர் பார்த்துவிட்டு, "என்ன வசந்தா இது கூத்து?" என்றார்.

"தடுத்தா மறைச்சு செய்வாங்க சார். மறைச்சு செஞ்சா நம்ம ரெக்கார்டு பொய் சொல்லும். அதுக்குன்னு ஒரு இடம் குடுத்துட்டா அது பாட்டுக்கு அங்க இருக்கும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன். "மேடம், உங்க வூட்ல ராகு காலம் பாப்பீங்களா?"

"எங்க வூட்ல புத்தர்தான். ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்த வச்சீங்க?"

"ப்ரோக்ராம் எனக்கா எழுதறேன்? உனக்கு எழுதறேன்."

இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் எழுதினார்கள். மேடம் அதற்கு முந்தைய ஆடி மாதத்திலேயே உட்கார ஆரம்பித்து, நவராத்திரிக்குள் எல்லாத் தேதியையும் சரி செய்துவிட்டார். வருஷம் பிறந்தது. யார்டில் ஒன்றும் ஆகவில்லை. "ஒண்ணுமே ஆகலியே, இதுக்கா அவ்வளவு நாள் உக்காந்தீங்க?" என்று அந்தப் பெரிய பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர் கேட்டார். மேடம் கீழே இறங்கி வந்து, "ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் உக்காந்தேன். இத்த எப்பிடிச் சொல்றது லோகு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கம்பெனி கைமாறியது உங்களுக்குத் தெரியும். புதிய முதலாளிகள் புதிய ப்ரோக்ராம் கொண்டுவந்தார்கள். அதைப் போட வந்த பிள்ளைகளுக்குப் பழையதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மேடத்தின் வேலை. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சல். "ஏதாச்சும் ஒண்ண கைல வச்சுக்க மேடம். எல்லாத்தயும் கொட்டிட்டா உன்ன அனுப்பிடுவானுங்க" என்றேன்.

"வச்சுகினா அவங்களுக்கு நான் தேவப்படுவேன். யார்டுக்கு ஆபத்து" என்றார்.

அந்தப் பிள்ளைகளிடம் அவர் அடிக்கடி சொன்ன ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. "காரணம் தெரியாத வரிய அழிச்சிடாதீங்க. எவனாவது எங்கயாவது அடி வாங்கி எழுதியிருப்பான்." அவர்கள் தலையாட்டினார்கள். போணி பட்டனைப் பார்த்துச் சிரித்தார்கள். புதியதில் அதற்கு இடமில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு மறுபடி என்ன நடந்தது என்று கேட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் மாறி முடிந்ததும் மேடத்தை அனுப்பிவிட்டார்கள். நான் சொன்னதுதான் நடந்தது. அவர் ஒளிக்காமல் சொன்னது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சம்மதம் இல்லை. அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாசம் போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீன் கொழம்பு எடுத்துப் போயிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். பேசினால் இளைத்தது. ஆனாலும் பேசினார்.

"கொத்தனாரு கட்டுனா செவுராச்சும் நிக்கும் லோகு. நான் இத்தினி வருசம் எழுதுனதுல இன்னிக்கு ஒரு வரி எங்கயும் ஓடல. எல்லாத்தயும் எடுத்துட்டாங்க. நினைச்சா அசதியா கீது."

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் என்ன சொல்ல. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. எனக்கு எதுவும் உடனே வராது.

இப்போது பிடிபடுகிறது. கேட்க அவர் இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவில்லை. என் பிள்ளைகள் திருடியின் பிள்ளைகளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பெரியவள் கல்யாணத்துக்குத் தெருவில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தேன். குழாயடியில் அன்றைக்குச் சிரித்தவளும் பாய் விரித்து உட்கார வைத்து, காப்பி கொடுத்து வாங்கிக்கொண்டாள். யாரும் என் முகத்தைப் பார்க்க யோசிக்கவில்லை. மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்து, நான் வைத்திருப்பது இதுதான். இதை யாரும் எடுக்கவில்லை.