பெயர் சொல்லாத ஞாயிறு

கடல் கடந்து பிழைக்க வந்த லாபிஸ் ஊரில் எங்கள் மாதா கோயில் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நின்ற ஒரு பலகைக் கொட்டகை. சாமியார் மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். உபதேசியார் ஊர் திரும்பிவிட்டதால், மற்ற ஞாயிறுகளில் செபமாலை நடத்தி அறிவிப்பு சொல்வது, படித்தவள் என்று என் தலையில் விழுந்தது.

அப்போது இந்தியர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியும் ஒரு மளிகைக் கடைக்காரரும் நின்றார்கள். கிராணியின் மனைவிதான் என் மகளுக்கு ஞானத்தாயாக ஒப்புக்கொண்டிருந்தவர். சாமியார் அடுத்து வரும்போது ஞானஸ்நானம். பிள்ளைக்கோ அடிக்கடி காய்ச்சல். அதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்த ஊரில் எனக்கு, அக்கா என்று நான் கூப்பிடும் அந்த ஞானத்தாயை விட்டால் வேறு மனுஷி இல்லை.

சனிக்கிழமை அக்கா வந்தார்.

“நாளைக்குச் செபம் முடிஞ்சதும், நம்ம ஆளுக்கே ஓட்டுப் போடுங்கன்னு அண்ணன் பேரைச் சொல்லிடு.”

“ஓட்டுப் போடப் போங்க, யோசிச்சுப் போடுங்கன்னு சொல்றேங்க்கா. கோயில்ல பேரு வேணாம்.”

“அலமாக், இதென்ன பேச்சு! ஏன், உங்கண்ணன் நல்லவரு இல்லையா?”

“நல்லவருதான். ஆனா கடைக்காரர்கிட்ட வேலை செய்றவங்களும் நம்ம செபத்துக்கு வர்றாங்க. நான் பேரு சொல்லிட்டா அவங்க எப்படிக்கா மறுபடி வந்து உக்காருவாங்க?”

“பெரிய சாமியாரம்மா இவ!” என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நான் பெயர் சொல்லவில்லை. அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கிராணி தோற்றார். நான் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பாரோ? சாமியாரிடம் கேட்காமல் நானே முடிவு செய்தது சரிதானா? பகலெல்லாம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன் வேலையிலிருந்து திரும்பி, சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்.

ஞானஸ்நானத்தன்று அக்கா வரமாட்டார் என்றே நினைத்தேன். சாமியார் அங்கியை மாட்டும்போது அக்கா உள்ளே வந்தார். என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “பசாசை விட்டுவிடுகிறாயா?” என்று சாமியார் கேட்டதற்கு, “விட்டுவிடுகிறேன்” என்று தெளிவாகப் பதில் சொன்னார். தண்ணீர் பட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டு அமர்த்தினார்.

வெளியே வந்ததும், “அக்கா…” என்றேன்.

“புள்ளைக்கு நான் ஞானத்தாய். கூப்பிட்டா வருவேன். உனக்கு நான் ஒண்ணுமில்ல.”

பிள்ளையை என் கையில் வைத்தார். நழுவியிருந்த வெள்ளைத் துணியை அதன் காலில் இழுத்துவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போனார்.